கார்பைடு டப்பா

ஏனுங்க, இந்த எடம் காலிதானுங்களா? கொஞ்சம் உள்ள தள்ளிக்குங்க, பையை மேல வெச்சுக்கறேன். பெருந்துறை வரைக்கும் போறனுங்க. பொண்ணு வீடு. நீங்க ஈரோடா? அப்ப எனக்கு அப்பறம் எறங்குவீங்க.

தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க மடியில இருக்கற கவரைப் பார்த்துட்டுத்தான் இந்த சீட்டுக்கே வந்தேன். அந்த முத்திரை எங்க காலேஜு முத்திரை. உலோகத்துறைக்குப் போயிட்டு வர்றீங்களா? பொண்ணை ஆராய்ச்சிக்குச் சேர்க்கறதுக்கா? நல்லதுங்க. படிக்கட்டும்.

நான் அங்கதானுங்க இருந்தேன். முப்பத்தொரு வருஷம். டெக்னீசியன் சென்னியப்பன்னா வாட்ச்மேன்ல இருந்து பிரின்சிபால் வரைக்கும் தெரியும். போன தை மாசம்தான் ரிடையர் ஆனேன். சால்வை போட்டாங்க, ஒரு கடியாரம் குடுத்தாங்க. கடியாரம் ஓடுது.

உங்க பொண்ணுகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. லேப்புல இருக்கற டெக்னீசியனை மதிச்சு நடக்கச் சொல்லுங்க. புரொபசரு பாடம் சொல்லிக் குடுப்பாரு, கையெழுத்துப் போடுவாரு. மெஷின் நம்ம கையில இல்லீங்களா? நான் ஒரு புள்ளைக்கு ஆறு வருஷம் பண்ணுனேன். ஆறு வருஷம். அந்தப் புள்ள தீசிஸ் புஸ்தகத்துல நன்றின்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்குது. ஹாஸ்டல்ல தோசை சுட்ட அம்மா பேர் இருக்குது. கேட்டு வாட்ச்மேன் பேர் இருக்குது. தபால் குடுக்க வர்றவரு பேருகூட இருக்குதுங்க. என்ற பேர் இல்ல. ரெண்டு பக்கத்தையும் மூணு தடவை படிச்சேன். கண்ணாடி போட்டுட்டும் படிச்சேன். இல்ல.

திலகவதின்னு பேரு. அரூர்ப் பக்கம். அப்பாவுக்குச் சின்னதா ஒரு தையல் கடை. வந்தப்போ இருவத்தஞ்சு வயசு, குச்சியாட்டம் இருக்கும். மொத நாளே லேப்புக்குள்ள வந்து, "அண்ணா, இந்த மெஷினைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது, நீங்கதான் சொல்லித் தரணும்"னு நின்னுச்சு. அப்படிக் கேக்கறவங்க யாருங்க இருக்காங்க? எல்லாம் புஸ்தகத்தைப் படிச்சுட்டு நமக்கே சொல்லித்தர வருவாங்க.

மெஷின் என்னன்னா, பால் மில்லும்பாங்க, குண்டு போட்டு அரைக்கற மெஷின். ஒரு கெட்டி டப்பா, நம்ம சோத்துத் தூக்குச் சட்டி அளவுல. அதுக்குள்ள ரெண்டு மூணு உலோகப் பவுடரைப் போட்டு, கோலிக்குண்டாட்டம் குண்டுகளையும் போட்டு, மூடி இறுக்கி மெஷின்ல மாட்டிட்டா அது பேய் சுத்து சுத்தும். குண்டு பவுடரை அடிக்கும், நசுக்கும், ஒட்டவெக்கும், மறுபடி ஒடைக்கும். அடுப்பே இல்லாம, உருக்காமலே, புது உலோகம். கால் மணி நேரம் ஓட்டோணும், கால் மணி நேரம் ஆறவிடோணும், இல்லாட்டி சூடேறிப் போகும். அப்படி ஓட்டம் மட்டும் அறுவது மணி நேரம். ஒரு தடவைக்கு ஒரு வாரம் போயிரும்.

எங்க புரொபசரு கனகசபை சாரு கேட்டது என்னன்னா, அந்தப் பவுடரு கண்ணாடியாட்டம் ஆகோணும். கண்ணாடின்னா பாக்கறக்கு இல்லீங்க, உள்ளாற. சாதாரண உலோகத்துக்குள்ள எல்லாம் வரிசை வரிசையா அடுக்கி வெச்சிருக்குமாம். எக்ஸ்ரே எடுத்தா கூர் கூரா கோடு எந்திரிக்கும். அந்த அடுக்கெல்லாம் கலைஞ்சு போச்சுன்னா கூரே இருக்காது, ஒரே ஒரு மேடு, சட்டியைக் கவுத்து வெச்சாப்பல. அந்த மேட்டுக்குத்தானுங்க இத்தனை பாடும்.

மொத ஓட்டம் போடற அன்னிக்கு அந்தப் புள்ளைக்கு அக்கா கல்யாணம். பவுடரை எடை போட்டு வெச்சுட்டு, "அண்ணா, நீங்களே போட்டு ஓட்டிருங்க, நான் வந்து எடுத்துக்கறேன்"னு சொல்லிட்டு ஊருக்குப் போயிருச்சு. நம்பித்தான் குடுத்துச்சு. நானும் டப்பாவைக் கழுவுனேன். கழுவறப்போ கைநழுவிருச்சுங்க.

கார்பைடு டப்பாங்க அது. டங்ஸ்டன் கார்பைடு. வெளிய எவர்சில்வராட்டம் ஓடு, உள்ளுக்கு கார்பைடு. கல்லை விடக் கெட்டி, ஆனா கீழ போட்டா தாங்காது. வாய் ஓரமா மயிரிழையா விரிசல் விட்டிருச்சு. அந்த வருஷம்தான் எனக்கு சீனியர் டெக்னீசியன் பதவி உயர்வு ஃபைல்ல ஏறியிருந்துச்சு. எனக்கு முந்தி இருந்த மாரண்ணன் ஒரு குழாயை ஒடைச்சதுக்கு மெமோ வாங்கி, ரிடையர் ஆகற வரைக்கும் அந்த மெமோவோடதான் போனாரு. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க. அலமாரி அடியில இரும்பு டப்பா ஒண்ணு கெடந்துச்சு, அதே அளவு, மூடியும் அதே மூடிதான் பொருந்தும். அதுக்கு உண்டான இரும்புக் குண்டுகளோட. அதைப் போட்டு ஓட்டிட்டேன். டப்பா எதுவா இருந்தா என்னங்க, பவுடரு நசுங்கோணும், அவ்வளவுதானே?

கண்ணாடியாயிருச்சுங்க. மொத ஓட்டத்துலயே. எக்ஸ்ரேல ஒரே மேடு.

கனகசபை சாரு அன்னிக்குத் துள்ளிக் குதிக்காத குறை. எல்லாருக்கும் மைசூர்பாகு. இத்தனை பேரு முன்னாடி என்ற தோள்ல கை வெச்சு, "சென்னியப்பன் கைராசி"ன்னாரு. அந்த நேரத்துல போய், சாரு, டப்பா மாறிப்போச்சுன்னு வாயைத் தொறக்க முடியுமுங்களா? நீங்களா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீங்க. பெல்ட் அறுந்து போச்சுன்னு சொல்லி மெஷினை ரெண்டு மாசம் நிறுத்தி வெச்சேன். பழைய டப்பா தேஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்து புது கார்பைடு டப்பா வர வெச்சேன். வந்துச்சு. அதுக்குள்ள சாரு கட்டுரை எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பி, அச்சும் ஆயிருச்சு. மொத பேரு திலகவதி. அரூர்ல அவங்க அப்பா அதை ஜெராக்ஸ் எடுத்துக் கடையில ஒட்டி வெச்சிருக்காருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சுது அந்தப் புள்ள.

அப்பறம் ரெண்டாவது ஓட்டம். புது டப்பா. வரல. மூணாவது, வரல. நாலாவது, கூர் கூரா எந்திரிச்சு நிக்குது. எனக்கு நாலாவதுலயே உறைச்சுருச்சுங்க. மெதுவா, குளிக்கறப்போ, சோறு திங்கறப்போ, உறைக்கும். இரும்பு தேஞ்சு பவுடருக்குள்ள போயிருக்கும். அந்த இரும்புதான் கண்ணாடியாக்கியிருக்கும். ஆனா நான் ஐ.டி.ஐ. ஃபிட்டருங்க. அவ்வளவு பெரிய படிப்பு படிச்சவங்க ரெண்டு பேரு இருக்கறப்போ நான் போய் எப்படிச் சொல்றது? அதுவும் இல்லாம, அடுத்ததுல வந்துருமோ என்னமோ. அப்படித்தான் நெனச்சேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நெனச்சேன்.

வெளிநாட்டுல யாரோ செஞ்சு பாத்துட்டு, எங்களுக்கு வரல, எப்படி செஞ்சீங்கன்னு லெட்டரு போட்டாங்க. அன்னில இருந்து சாரு மொகமே மாறிப் போச்சு. கெட்டவரில்லீங்க அவரு. ஆனா எழுதிக் குடுத்துட்டாரு பாருங்க, பின்னாடி போக முடியல. "மொதல்ல வந்தது மறுபடி வரணும்மா. வந்தாத்தான் தீசிஸ்." அதே வார்த்தை. பத்து தடவை, இருவது தடவை, முப்பது தடவை.

அந்த ரூமுக்கு ஜன்னல் கெடையாதுங்க. பவுடருக்குக் காத்துப் படக்கூடாதுன்னு அடைச்சிருப்பாங்க. காலைல ஒம்பது மணிக்கு வந்து மெஷினுக்கு முன்னாடி ஸ்டூலைப் போட்டு உக்காந்தா, சாயங்காலம் வரைக்கும் அந்தப் புள்ள அங்கதான். நோட்டுல எழுதும், மெஷினைப் பாக்கும், எழுதும். அவங்க அப்பா மத்தியானம் போன் பண்ணுவாரு. "எப்பம்மா முடியும்?" "இன்னும் ஒண்ணே ஒண்ணுப்பா." ரெண்டு வருஷமா அதே பதில். கிருஷ்ணகிரியில ஒரு பையனை நிச்சயம் பண்ணி வெச்சிருந்தாங்க. படிப்பு முடியட்டும்னு இருந்தான். அப்பறம் வேற எடத்துல கட்டிட்டான். அதையும் அந்த ஸ்டூல்ல உக்காந்துதான் கேட்டுச்சு. போனை வெச்சுட்டு, "அண்ணா, மெஷின் ஆறிருச்சா, அடுத்த ரவுண்டு போடலாமா?"ன்னுது.

நான் சும்மா இருக்கலீங்க. டீ வாங்கிக் குடுத்தேன். பொங்கலுக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி சோறு போட்டேன். என்ற சம்சாரம் தலைக்கு எண்ணெய் வெச்சு விட்டா. பெத்த புள்ளையாட்டம் பாத்தமுங்க. இதையெல்லாம் அந்த ரெண்டு பக்கத்துல ஒரு வரி எழுதினா கொறைஞ்சா போயிரும்?

நாப்பதாவது ஓட்டத்தப்போ அவங்க அப்பாவுக்குக் கண்ணு ஆப்பரேசன். பவுடரை எடை போட்டு வெச்சுட்டு, "அண்ணா, நீங்க போட்டுருங்க"ன்னு சேலம் ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சு. எனக்கு மனசு கேக்கல. இந்தப் புள்ளைக்கு ஒரு நல்லது நடக்கட்டும்னு, அலமாரியைத் தொறந்து, அந்தப் பழைய இரும்பு டப்பாவை எடுத்துப் போட்டு ஓட்டிட்டேன். தெரிஞ்சுதான் போட்டேன், அதை மறைக்கல. அதுக்கு ஒரு வழி பொறக்கட்டும்னுதான் போட்டேன்.

வந்துருச்சுங்க. மேடு! அந்தப் புள்ள எக்ஸ்ரே காகிதத்தைக் கையில புடிச்சுட்டு லேப்புல தரையில உக்காந்து அழுதுச்சு. என்ற வாயில அது கையால கேசரி ஊட்டி விட்டுச்சு. இதோட முடிஞ்சுது, தீசிஸ் எழுதிட்டுப் போயிரும்னு நானும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டேன்.

சாரு பாத்தாரு. "பாத்தியா, வரும்னு சொன்னேன்ல? இப்ப இதே மாதிரி தொடர்ந்து மூணு வரணும். மூணு வந்தா யாரும் கேள்வி கேக்க முடியாது." வந்த பவுடரை ஒரு பாட்டில்ல போட்டு, மொத பாட்டிலோட சேத்துத் தன் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாரு.

மூணுக்கு எங்க போறது? அதுக்கப்பறம் அந்தப் புள்ள எங்கயும் போகல. தீபாவளிக்குக்கூட போகல. டப்பாவை அதுவே கழுவும், அதுவே போடும், அதுவே மூடும். என்னைத் தொடவே விடல. நான் எப்படிங்க மாத்தறது? நான் பண்ணுன நல்லதே அதுக்கு வெனையாப் போச்சு. நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு... அறுவது... உதவித்தொகையும் நின்னு போச்சு, டியூசன் எடுத்துட்டுப் படிச்சுது. நடுவுல ஒருநா கேட்டுச்சு: "அண்ணா, சார் பீரோவைத் தொடைக்கறதுக்கு உங்ககிட்ட சாவி இருக்குல்ல? ஒரு சிட்டிகை பவுடர் எடுத்துக் குடுங்களேன். வெளிய அனுப்பி என்னென்ன கலந்திருக்குன்னு பாக்கணும். சார்கிட்ட கையெழுத்துக் கேட்டேன், என் ரிசல்ட்டை நானே சந்தேகப்படறேனான்னு கத்தறாரு."

"அதெல்லாம் எதுக்கு கண்ணு, சாரு கோவிச்சுக்குவாரு. சாவியும் இப்ப என்கிட்ட இல்ல"ன்னேன்.

சாவி சட்டைப் பையிலதான் இருந்துச்சு. ஆனா அது நல்லதுக்குத்தானே சொன்னேன்? சாருக்குத் தெரிஞ்சா அந்தப் புள்ள கதி என்னாகறது?

எழுபத்தோராவது ஓட்டமும் வரல. அதுக்கு மறுவாரம் ஒரு மத்தியானம், நான் டிபன் பாக்ஸைக் கழுவிட்டு இருந்தேன். வந்து நின்னுச்சு. கையில ஒரு காகிதம். எக்ஸ்ரே எடுக்கறப்போ சின்னக் கண்ணாடித் தகட்டுல பவுடரைத் தடவுவாங்க. நாப்பதாவது ஓட்டத்துத் தகட்டை எடுத்துத் தன் மேசை டிராயருக்குள்ள வெச்சிருந்திருக்குது. அதைச் சொரண்டி, கூடப் படிச்ச புள்ளைக்கு பெங்களூருக்குத் தபால்ல அனுப்பி, சாருக்குத் தெரியாம சோதிச்சு வாங்கியிருக்குது.

"அண்ணா, கார்பைடு டப்பாவுல இரும்பு எங்க இருந்து வரும்?"

"தண்ணியில வந்திருக்கும் கண்ணு."

"நூத்துக்கு எட்டு பங்கு இருக்கு அண்ணா. தண்ணியில வருமா?"

நான் டிபன் பாக்ஸை மறுபடியும் கழுவுனேன். அது நேராப் போயி அலமாரியைத் தொறந்துச்சு. அடியில கை விட்டு இரும்பு டப்பாவை எடுத்துச்சு. குண்டுகளைத் தராசுல வெச்சுப் பாத்துச்சு. புதுசுல இருந்த எடையை விடக் குறைஞ்சிருந்துச்சு. எவ்வளவு தேஞ்சு போச்சுன்னு நோட்டுல எழுதுச்சு. எழுதிட்டு பேனாவை மூடி வெச்சுட்டு சொல்லுச்சு:

"ரெண்டு தடவையும் நீங்கதானே போட்டீங்க."

நான் டிபன் பாக்ஸைத் தொடைச்சேன்.

"எனக்கு முப்பத்தொண்ணு ஆகுது அண்ணா."

அவ்வளவுதான் சொல்லுச்சு. திட்டியிருந்தா எனக்கு மனசு ஆறியிருக்கும். பொம்பளப் புள்ளைக கோவம் வந்தா திட்டோணும், அதுதான் மொறை. ஒண்ணுமே சொல்லாம போனா நாம என்ன பண்றது?

மறுநா காலைல சாரு ரூமுக்குக் கூப்புட்டு விட்டாரு. போனேன். அந்தப் புள்ள நின்னுட்டிருக்குது. சாரு மொகம் வேத்து ஊத்துது. மேசை மேல ரெண்டு பவுடர் பாட்டிலும் இருக்குது.

"சென்னியப்பன், ரெண்டு தடவையும் ஊருக்குப் போறதுக்கு முந்தி தானே தப்பான டப்பாவைப் போட்டுட்டேன்னு சொல்லுது இந்தப் பொண்ணு. வெளிநாட்டுக்காரன் முன்னாடி என் மானமே போச்சு, கட்டுரையைத் திரும்ப வாங்கணும். உண்மையா? இதுதான் போட்டுச்சா?"

நான் அந்தப் புள்ளையைப் பாத்தேன். அது தரையைப் பாத்துட்டு நின்னுச்சு. சாரு மறுபடி கேட்டாரு.

"ஆமாங்க சார்"னேன்.

பாருங்க, அது ஒண்ணு சொன்னதுக்கு அப்பறம் நான் மாத்திச் சொன்னா, அந்தப் புள்ள பொய் சொன்னதா ஆயிராதுங்களா? அதுக்கு அவமானமில்லையா? அதனாலதான் ஆமான்னேன். என்ற மேல எவ்வளவு பாசம் இருந்தா அந்தப் புள்ள அப்படிப் பழியைத் தன் தலைல வாங்கிக்கும்னு, நான் வெளிய வந்து கண்ணுல தண்ணி விட்டனுங்க. கைப்பட மன்னிப்புக் கடுதாசி எழுதி வாங்குனாரு சாரு. வராண்டாவுல எல்லாரும் கேக்கற மாதிரி கத்துனாரு.

படிக்கட்டுல பின்னாடியே போயி, "கண்ணு, எனக்காக நீ இப்படிப் பண்ணிட்டியே"ன்னு கையைப் புடிச்சேன்.

கையை எடுத்துக்கிச்சு. "உங்களுக்காக இல்ல அண்ணா. நீங்க போட்டீங்கன்னு சொன்னா விசாரணை கமிட்டி போடுவாங்க. அது முடியற வரைக்கும் என் தீசிஸை நிறுத்தி வெப்பாங்க. இன்னும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம். நான் போட்டேன்னு சொன்னா ஒரு லெட்டர். எழுதிக் குடுத்துட்டு வெளிய போயிடலாம். எனக்கு வெளிய போகணும்."

வாய்தான் அப்படிச் சொல்லுச்சு. உள்ளுக்குள்ள பாசந்தான். இல்லாட்டி எவளாச்சும் அப்படிப் பண்ணுவாளா?

அப்பறம் அஞ்சே மாசத்துல தீசிஸ் எழுதிருச்சு. அந்த இரும்பையே எழுதிருச்சுங்க! டப்பா தேஞ்சு பவுடருக்குள்ள எவ்வளவு இரும்பு போகுது, அதுல எப்பக் கண்ணாடியாகுது, எப்ப ஆகறதில்ல. வராத அறுவத்தொம்பது ஓட்டம்னு நாம நெனச்சதெல்லாம் அதுல கணக்கா வந்து உக்காந்துச்சு. இரும்பு எத்தனை பங்குன்னு அளந்து அளந்து, இரும்பு டப்பாவுலயே ஆறு ஓட்டம் போட்டுச்சு, ஆறும் வந்துச்சு. வைவாவுல கேள்வி கேக்க வந்த பெரியவரு, இது நல்ல வேலைம்மான்னு கைகுடுத்தாரு. நான் பின்வரிசையில நின்னு கைதட்டுனேன். அதுல ஒரு எடத்துல வருதுங்க, 'ஆய்வாளரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை'ன்னு. ஆய்வாளருன்னா அதுதான். அப்பறந்தான் முன்பக்கம் திருப்பி அந்த நன்றியைப் படிச்சேன்.

பதவி உயர்வு? வந்துச்சுங்க. அந்தப் புள்ள வந்த ரெண்டாவது வருஷமே வந்துச்சு.

அந்தப் புள்ளைக்கு இப்ப ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை. நல்ல வேலையாம். மூணு வருஷமாச்சு. ரிடையர்மெண்டு விழாவுக்குக் கூப்புட்டேன், போனை எடுக்கல. பொங்கலுக்குக் கூப்புட்டேன், எடுக்கல. ஒரு தடவை ஓசூருக்கே போனேன். கேட்டுல, மீட்டிங்குல இருக்காங்கன்னுட்டாங்க. மத்தியானம் வரைக்கும் கேட்டுலயே உக்காந்திருந்தேன். மீட்டிங் முடியல. அந்த லேப்பை விட்டு நானும் வெளிய வந்துட்டேன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. ஆனா கண்ணை மூடுனா அந்த ஸ்டூலு, அந்த சத்தம், அந்த ரூமுக்குள்ளதானுங்க இருக்கேன். இதை வீட்டுல சொன்னதில்ல. உங்ககிட்டத்தான் சொல்றேன்.

என்னங்க? சாருகிட்ட இப்பவாச்சும் உண்மையைச் சொல்லலாமேன்னா? எதுக்குங்க? முடிஞ்சு போன கதை. அவரும் வயசானவரு.

ஒரு உதவி பண்ணுவீங்களா? உங்க போனைக் குடுங்க. என்ற நம்பருன்னா எடுக்காது, உங்க நம்பருன்னா எடுக்கும். ஒரே நிமிசம். நம்பரு மனப்பாடமா இருக்குது, சொல்றேன், போட்டுக் குடுங்க.

ரிங் போகுது.

ஹலோ... கண்ணு, நான்தான்... சென்னியப்பண்ணன்... இல்ல, பஸ்ஸுல, பெருந்துறைக்குப் போறேன். பக்கத்துல ஒரு சாரு போனைக் குடுத்தாரு... ம்... ம்... நல்லாத்தான் இருக்கேன்... என்ன?... இல்ல கண்ணு... சும்மாதான் போட்டேன்... சொல்றதுக்கா?... இல்ல... அதெல்லாம் ஒண்ணுமில்ல... நீ சாப்பிட்டியா?... சரி... சரி கண்ணு.

வெச்சுருச்சுங்க. இந்தாங்க போனு.

கோவமெல்லாம் இல்ல. மரியாதையாத்தான் பேசுச்சு. "என்கிட்ட ஏதாவது சொல்லணுமா அண்ணா?"ன்னு கேட்டுச்சு. நான் இல்லேன்னேன். மறுபடியும் கேட்டுச்சு, "சொல்லுங்கண்ணா, நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன்"னு. கொஞ்ச நேரம் புடிச்சுட்டே இருந்துச்சு. என்னத்தைங்க சொல்றது? சாப்பிட்டியான்னு கேட்டேன். சாப்பிட்டேன்னுச்சு, வெச்சுருச்சு.

எந்திரிக்கறேன், பெருந்துறை வந்துருச்சு. அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க.

பாத்தீங்களா ஆனா? நான் அத்தனை கேட்டேன். நீங்க சாப்பிட்டீங்களா அண்ணான்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, திருப்பிக் கேக்கலீங்களே.